கடல்வழி நோக்கில் யாழ்ப்பாணப் பட்டினமும் தீவகமும்

பழமை வாய்ந்த ஊரொன்றைக் காண வருவோர் அங்குள்ள காட்சிகளை ஒவ்வொன்றாய் எண்ணிக் கண்டு செல்வது வழக்கம். யாழ்ப்பாணத்துக்கு வருவோரும் அவ்வாறே செய்கின்றனர். காலையிற் கோட்டை, மாலையில் நல்லூர், மறுநாள் நயினாதீவு, இன்னும் ஒருநாள் கிடைப்பின் நெடுந்தீவுக் குதிரைகள், பொழுது எஞ்சின் காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் ஒரு நீராடல். இவையெல்லாம் காணத்தக்கனவே. ஆயினும் இவ்வாறு காண்போர் உள்ளத்தில் இவை நூலிற் கோவாத மணிகள் போலச் சிதறிக் கிடக்கின்றன. நல்லூரில் இருந்த அரசிருக்கை கடலோரத்துக்கு ஏன் பெயர்ந்தது? கடல் நடுவே ஒரு சிறு கோட்டையைக் கட்டுவானேன்? தீவொன்றின் கோயிலிலே கப்பல்களைப் பற்றிய சட்டம் கல்லில் வெட்டப்பட்டது எக்காரணத்தால்? இவற்றை வினவுவாரும் சிலர். விடை கூறுவாரோ மிகச் சிலர்.

இவ்வினாக்கள் பலவாயினும் விடை ஒன்றே. அது கடல்வழி. நாம் இன்று பட்டினத்திற் புறப்பட்டு, பண்ணைப் பாலத்தின் மேலாகத் தரைவழியே தீவகத்துக்குச் செல்கின்றோம். பண்டு கப்பலில் வந்தோர் தீவகத்தைக் கடந்தே பட்டினத்தை அடைந்தனர். அவர்க்கு வாயிலாய் இருந்ததனை நாம் கொல்லைப்புறமெனக் கருதப் பழகிவிட்டோம். ஆதலின், இக்கட்டுரையில் அப்பழைய முறையையே மேற்கொண்டு, புறத்தேயுள்ள நெடுந்தீவிலே தொடங்கி, நயினாதீவு, ஊர்காவற்றுறை, பரவைக்கடல், கோட்டை என்பவற்றைக் கடந்து நல்லூரிலே முடிப்பாம்.

அதற்குமுன் ஒன்று கூறவேண்டும். இவ்விடங்களைப் பற்றி வழங்கும் செய்திகளுட் சான்றுடையனவும் உள. செவிவழி வந்தனவும் உள. இரண்டும் போற்றத்தக்கனவே. ஆயின் ஒன்றை மற்றொன்றாக மாணவர்க்குச் சொல்லுதல் ஆசிரியத் தொழிலுக்கு இழுக்காகும். அக்குற்றத்துக்கு யானும் விலக்கல்லேன். அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

நெடுந்தீவு

மக்கள் வாழும் தீவுகளுள் தென்மேற்கே புறத்தே கிடப்பது நெடுந்தீவு. அதன் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். குறிகட்டுவான் துறையினின்று படகிற் செல்வோர் ஒரு மணி நேரமளவில் அதனை அடைவர். ஒல்லாந்தர் தம் நாட்டு ஊர்ப் பெயர்களை இத்தீவுகளுக்கு இட்டு வழங்கினர். ஊர்காவற்றுறையை உள்ளடக்கிய வேலணைத் தீவு லெய்டன் எனவும், காரைதீவு அம்ஸ்ரடாம் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், அனலைதீவு றொட்டர்டாம் எனவும், நெடுந்தீவு டெல்ப்ற் எனவும் அவர்தம் ஏடுகளில் இடம்பெற்றன. இவற்றுள் இன்றும் ஆங்கில வழக்கில் நின்று நிலவுவது டெல்ப்ற் ஒன்றே. ஏனைய பெயர்கள் இட்டவரோடே மறைந்தன. ஊர்ப் பெயரை ஆள்வோர் இடலாம். வாழ்வோர் வழங்கினாலன்றி அது நிலையாது.

இத்தீவிலே காண்போர் கண்ணை முதலிற் கவர்வன கல்வேலிகள். கடலிற் பிறந்த முருகைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி வளவுகளுக்கு எல்லை கோலியிருக்கின்றனர். மரம் அரிதாய்க் கல் மலிந்த நிலத்தில் மக்கள் கண்ட வழி அது. அடுத்து, கட்டாக்காலியாய்த் திரியும் மட்டக்குதிரைகள். போர்த்துக்கேயரும் அவர்க்குப்பின் ஒல்லாந்தரும் இத்தீவிற் குதிரைகளை வளர்த்தனர். புல் உண்டு, சுற்றிலும் கடலே வேலி. அக்குதிரைகளின் வழித்தோன்றல்களே இன்று வெளியில் மேய்வன. மழை பொய்த்த ஆண்டுகளில் நீரின்றி அவை மடிதலும் உண்டு. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்குமரம் ஒன்றும் இங்குள்ளது. அராபிய வணிகரே அதனைக் கொணர்ந்தனர் என்பது வழிவழி வரும் கூற்று. யார் கொணர்ந்தாராயினும், கடல்வழியே வந்ததென்பது தெளிவு.

தீவின் மேற்குப் பாகத்தில் வெடியரசன் கோட்டை என ஓரிடம் காட்டுவர். வெடியரசனும் மீகாமனும் பற்றிய கதை தீவக மக்களிடையே நெடுங்காலமாய் வழங்குவது. ஆனால் அவ்விடத்திற் காணும் வட்டவடிவான முருகைக்கல் அடித்தளங்கள் பழைய பௌத்த தூபிகளுக்கு உரியன என்பது தொல்லியலாளர் துணிபு. கதை பொய்யென்று தள்ளவேண்டியதில்லை. பழைய சின்னமொன்று தன் வரலாறு மறக்கப்பட்டபின் புதியதொரு கதைக்கு உறைவிடமாவது உலகெங்கும் காணும் நிகழ்ச்சி. கதையையும் கல்லையும் வேறுவேறாய் வைத்து இரண்டையும் காத்தலே நம் கடன்.

நெடுந்தீவுக்குப் படகேறுவோர் குமுதினிப் படகின் பெயரையும் அறிந்திருத்தல் வேண்டும். தீவு மக்களைப் பல்லாண்டு சுமந்த அப்படகிலே 1985 மே 15ஆம் நாள் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். காட்சி காணச் செல்வோருக்கு அது ஒரு மணி நேரப் பயணம். அங்கு வாழ்வோருக்கோ அதுவே மருத்துவமனைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் வழி. அதனை மறந்து அத்தீவைக் காண்பது காட்சியாகாது.

நயினாதீவு

நெடுந்தீவினின்று பட்டினத்தை நோக்கி வருங்கால் எதிர்ப்படுவது நயினாதீவு. நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையில் விளங்கும் தலம் இது. போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்ட அம்மன் கோயில், ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியில், 1788இல் மீண்டும் எழுந்தது. இன்று காணும் விகாரை 20ஆம் நூற்றாண்டினது. மணிபீடம் ஒன்றிற்காகப் போரிட்ட நாக அரசர் இருவரைப் புத்தர் பெருமான் சமாதானஞ் செய்வித்தார் என்று மகாவம்சம் கூறும் நாகதீபம் இதுவே என்பது பௌத்தர் நம்பிக்கை. மணிமேகலை கூறும் மணிபல்லவமும் இதுவே என்பர் தமிழறிஞர் சிலர்.

நாகதீபம் பற்றி ஒரு சான்று உண்டு. 1936இல் வல்லிபுரத்திற் கிடைத்த பொன்னேட்டில், வசப மன்னன் காலத்தில் நாகதீவை ஓர் அமைச்சன் ஆண்ட செய்தி வருகின்றது. அதனைப் படித்து வெளியிட்ட செனரத் பரணவிதான, நாகதீவு என்னும் பெயர் பண்டு யாழ்ப்பாணக் குடாநாடு முழுமைக்கும் உரியது என்று கொண்டார். அங்ஙனமாயின், பெரு நிலத்துக்குரிய பெயர் காலப்போக்கிற் சுருங்கி ஒரு சிறு தீவின்மேல் நிலைத்தது எனலாம். மணிபல்லவம் பற்றிய கருத்தோ இன்னும் முடிவுபெறாத ஆராய்ச்சி.

இவற்றினும் உறுதியான சான்று ஒன்று அம்மன் கோயிலிலேயே உள்ளது. வழிபட வருவோரிற் பெரும்பாலோர் அதனை நோக்காது செல்வர். அது முற்பகுதி சிதைந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் சாசனம் அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் விரிவாக எழுதினார். அச்சாசனம் கூறுவன வருமாறு: ஊராத்துறையிற் பிறநாட்டார் வந்து தங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும், பல துறைகளிலிருந்தும் வணிகர் வந்து நம் துறையிற் கூடவேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால், நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வேறு சரக்குக் கொண்டுவரும் கப்பல் உடைந்தால், பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் உரியன. இவ்வொழுங்கு சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்கும்படி கல்லிலும் செம்பிலும் வெட்டப்பட்டது.

இதன் சிறப்பை எண்ணுக. ஆணையிட்டவன் சிங்கள மன்னன். ஆணை பொறித்த மொழி தமிழ். ஆணையாற் காக்கப்பட்டவர் பிறநாட்டு வணிகர். படிக்கவேண்டியவர் எம்மொழியைப் படிப்பாரோ அம்மொழியிலே அரசன் எழுதுவித்தான். யானைக்கும் குதிரைக்கும் பண்டாரம் குறைந்த பங்கையே கொண்டதனால், அவற்றைக் கொணரும் வணிகரை அவன் எத்துணை விரும்பினான் என்பதும் விளங்கும். உடைந்த கப்பலின் பொருள் கரையாளுக்கே உரியதென்று பறித்துக்கொண்ட துறைகள் பல இருந்த உலகில், உடையவனுக்கும் பங்குண்டு என்று வரையறுத்த சட்டம் நம் தீவகத்துத் துறைக்கு இருந்தது. நயினாதீவுக்குச் செல்வோர் கண்டு மகிழவேண்டியனவற்றுள் இக்கல்லினும் மிக்கது யாதுளது?

ஊர்காவற்றுறை

அக்கல்வெட்டுக் கூறும் ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. அதே நூற்றாண்டிற் சோழர் கல்வெட்டும் அதனை அறியும். பராக்கிரமபாகு ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாள் என்னும் இடங்களிற் படைகளைத் திரட்டிக் கப்பல்களையும் கட்டுவித்தான் எனவும், சோழர் சார்பிற் சென்ற படை அவ்விடங்களை அழித்து யானைகளைக் கைப்பற்றியது எனவும் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டுக் கூறும். எனவே, வணிகரை வரவேற்ற துறையே படை திரட்டும் துறையாகவும் இருந்தது. கடல்வழி ஒன்று சிறந்ததாயின், அதனை விரும்புவோரும் அஞ்சுவோரும் பலராதல் இயல்பு.

இத்துறையின் சிறப்புக்குக் காரணம் அதன் அமைப்பே. காரைதீவுக்கும் வேலணைத் தீவுக்கும் இடையே கடல் ஒரு வாயில்போல் உட்புகுகின்றது. இரு புறமும் நிலம் அணைதலின் உள்ளே காற்றும் அலையும் அடங்கிய நீர்நிலை அமைந்துள்ளது. பெரிய கப்பல்கள் நங்கூரமிட ஏற்ற இடம் அது. போர்த்துக்கேயர் இதனை யானைத்துறை என்னும் பொருள்படத் தம் மொழியில் வழங்கினர். அப்பெயரின் முற்பகுதியே ஆங்கில வழக்கில் கயிற்ஸ் எனத் திரிந்தது. வன்னியிற் பிடித்த யானைகள் இத்துறையிலிருந்து கப்பலேறின. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்து யானை விற்பனைக்குக் கோல்கொண்டா முதலிய நாடுகளிலிருந்து வணிகர் வந்தனர். 12ஆம் நூற்றாண்டில் யானை வந்திறங்கிய துறை 17ஆம் நூற்றாண்டில் யானை ஏறிச்செல்லும் துறையாயிற்று.

இந்நீர்வாயிலின் நடுவே, காரைதீவை அணித்தாய், கடலிலிருந்தே எழுந்தது போலத் தோன்றும் சிறு கோட்டை கடற்கோட்டை எனப்படும். முதலிற் கட்டியவர் போர்த்துக்கேயர். இலங்கைத் தீவின் வடிவம் உப்பிட்ட பன்றித் தொடையை ஒத்திருப்பதாகக் கண்ட ஒல்லாந்தர், அத்தொடையின் குதிக்கால் என்னும் பொருளில் இதற்கு ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில் இச்சிறு கோட்டையும் ஒல்லாந்தராற் சூழப்பட்டது. நாற்புறமும் நீர் சூழ்ந்த கோட்டை, குடிக்க நீரின்றியே பணிந்தது. பின்னாளில் இது சிறையாயிற்று. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் அதிற் சம்பந்தப்பட்டோர் சிலர் இங்கே அடைக்கப்பட்டனர். அண்மைக் காலத்திற் கடற்படையினர் இதனை உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக நடத்தி வருகின்றனர். எதிரே ஊர்காவற்றுறைக் கரையில் இடிந்து கிடக்கும் மற்றொரு கோட்டையையும் காணலாம். இரண்டினையும் ஒருங்கே நோக்குவார்க்கு, வாயிலின் இரு கதவுகள்போல அவை அமைந்தமை புலனாகும்.

இத்துறை பின்னர் ஏன் தேய்ந்தது? 1905இற் புகையிரதப் பாதை வடக்கே முற்றுப்பெற்றது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. வழி மாறியது, வாயிலும் மறந்தது.

பரவைக்கடல்

ஊர்காவற்றுறைக்கும் பட்டினத்துக்கும் இடையே கிடப்பது ஆழமற்ற பரவைக்கடல். பெருங்கப்பல் இதனைக் கடத்தல் இயலாது. ஆதலின் சரக்கு ஊர்காவற்றுறையில் இறங்கித் தோணிகளிலும் வள்ளங்களிலும் ஏறிப் பட்டினத்தை அடைந்தது. இன்று பண்ணைப் பாலத்தின்மேல் விரைந்து செல்வோர் இருமருங்கும் மீன்பிடிக் களங்கட்டிகளைக் காண்பர். அந்நீரின் ஆழக்குறைவே பட்டினத்தைப் பன்னூறாண்டு காத்த அகழி என்பதை அவர் எண்ணுதல் அரிது.

இக்கடலோரத்தில், வேலணைத் தீவின் கிழக்குப் பாகத்தில், அல்லைப்பிட்டி என்னும் ஊர் உளது. 1970களின் பிற்பகுதியில் அங்கே சீனநாட்டு மட்பாண்டத் துண்டுகள் திரளாய் வெளிப்பட்டன. 2018இல் மீண்டும் அங்கு அகழ்வு நடைபெற்றது. அவை சீனத்தில் சொங் மரபினர் ஆண்ட காலத்தன. 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. நயினாதீவுக் கல்வெட்டின் காலத்தோடு இவை அணுகி நிற்றலைக் காண்க. கல்வெட்டுச் சட்டத்தைச் சொல்லிற்று. மண்ணினடியிற் கிடந்த ஓடுகளோ அச்சட்டம் வீண் சொல்லன்று, பிறநாட்டுச் சரக்கு உண்மையிலேயே இவ்வழியால் வந்தது என்று சான்று பகர்ந்தன. வரலாற்று மாணவர்க்கு இதனினும் இனிய பாடம் வேறில்லை.

கோட்டை

பரவைக்கடலைக் கடந்து வருவோன் எதிரே தோன்றுவது யாழ்ப்பாணக் கோட்டை. 1619இற் பிலிப்பே டி ஒலிவேறா என்னும் போர்த்துக்கேயத் தளபதி யாழ்ப்பாண அரசை வென்றான். இறுதி அரசனான சங்கிலி சிறைப்பட்டுக் கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொலையுண்டான். ஒலிவேறா அரசிருக்கையை நல்லூரினின்று கடலோரத்துக்கு மாற்றினான். காரணம் வெளிப்படை. நாட்டு அரசர்க்கு நாடே அரண்; ஆதலின் அவர் நிலத்தின் நடுவே இருந்தனர். கடல்வழி வந்தோர்க்குத் துணையும் உணவும் படைக்கலமும் கடலாலேயே வருதல் வேண்டும்; ஆதலின் அவர் கரையைப் பற்றினர். இன்றைய பட்டினம் கடலோரத்தில் வளர்ந்தமைக்கு அம்மாற்றமே தோற்றுவாய்.

போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை நாற்கோண வடிவினது. 1658 யூன் மாதத்தில், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முற்றுகையின் பின், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அவர்கள் அதனை அகற்றி ஐங்கோணக் கோட்டையொன்றை அமைத்தனர். உட்கோட்டை 1680இலும், அகழியும் புறவரண்களும் 1792இலும் முற்றுப்பெற்றன. ஐந்து கொத்தளங்களுக்கும் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களை இட்டனர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்த இவ்வரண், முற்றுப்பெற்று ஏறத்தாழ மூன்றாண்டிலே, 1795இல், வெடியொன்றும் தீராமலே ஆங்கிலேயர் கைப்பட்டது. 1706இற் கட்டப்பெற்ற சிலுவை வடிவான தேவாலயமும் இதனுள் இருந்தது. 1905 முதல் யாழ்ப்பாணத்தில் அரசாங்கச் சேவையிலிருந்த லெனாட் வூல்வ் என்னும் எழுத்தாளர் வாழ்ந்ததும் இக்கோட்டை மதிலின்மேல் அமைந்த ஒரு வீட்டிலேயாம்.

பிறநாட்டார் போருக்கெனக் கட்டிய கோட்டை, பிறநாட்டார் போரில் அழியவில்லை. அதனைச் சிதைத்தது நம் நாட்டுக்குள் நிகழ்ந்த போர். 1990ஆம் ஆண்டு நீடித்த முற்றுகையில் மதில்கள் உடைந்தன, தேவாலயம் தரைமட்டமாயிற்று. அதன்பின் மதிற் கற்களும் பெயர்க்கப்பட்டு வேறிடஞ் சென்றன. போர் முடிந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியும் பெற்றுப் புனரமைப்பு வேலை நடைபெற்றது. அண்மைக் காலத்திற் கோட்டையினுள்ளே நிகழ்ந்த அகழ்வுகளிற் சீன மட்பாண்டத் துண்டுகள் முதலியனவும் வெளிப்பட்டுள்ளன. போர்த்துக்கேயர் வருமுன்னரே இவ்விடம் கடல்வாணிகத்தோடு தொடர்புற்றிருந்தது என்பதற்கு அவை சான்று. எனவே, கோட்டை துறையை உண்டாக்கவில்லை. துறையே கோட்டையை வருவித்தது.

நல்லூர்

கோட்டையினின்று உள்நோக்கி ஏறத்தாழ 2 மைல் தொலைவிற் கிடப்பது நல்லூர். அரசர் காலத்துக் கந்தசுவாமி கோயில் 1621இல் ஒலிவேறாவின் ஆணையால் இடிக்கப்பட்டது. அது நின்ற இடம் இன்று முத்திரைச் சந்தையருகே கிறித்துவ தேவாலயம் உள்ள நிலம் என்பர். இன்று நாம் வழிபடும் கோயில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 15ஆம் நூற்றாண்டிற் கோட்டை அரசுக்காக யாழ்ப்பாணத்தை வென்று ஆண்ட செண்பகப் பெருமாளின் நினைவு, புவனேகபாகு என்னும் பெயரால், இக்கோயிற் கட்டியத்தில் இன்றளவும் ஒலிக்கின்றது. நயினாதீவிலே ஒரு சிங்கள மன்னனின் தமிழ்ச் சாசனம்; நல்லூரிலே முருகன் சந்நிதியில் மற்றொருவனின் பெயர். இவ்வூர்களின் வரலாறு நாம் நினைப்பதினும் அகன்றது என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்றுகளாம்.

இனி, முன்னர்க் குறித்த குற்றத்தைக் கூறுகின்றேன். நல்லூரிற் சங்கிலியன் தோப்பு என்னும் இடத்தில் ஒரு பழைய வளைவு உளது. அயலில் மந்திரிமனை என்னும் கட்டடமும் உளது. மாணவரை அங்கு அழைத்துச் சென்ற காலங்களிலெல்லாம், இது சங்கிலி மன்னனின் அரண்மனை வாயில், அது அவன் மந்திரியின் மனை என்று யான் உறுதியாய்ச் சொல்லி வந்தேன். எனக்கு என் ஆசிரியர் சொன்னதும் அதுவே. ஒருமுறை, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அவ்வளைவை நெடுநேரம் நோக்கி நின்று, "இது கோட்டைக்குள்ளே கண்ட வளைவு மாதிரி இருக்குது, சேர்" என்றான். யான் விடை கூறமாட்டாது நின்றேன். வீடு சென்று நூல்களைப் புரட்டினேன். அக்கட்டடங்களின் அமைப்பில் ஐரோப்பியச் சாயல் இருத்தலின், இன்று காணும் உருவில் அவை அரசர் காலத்துக்குப் பிற்பட்டனவாகவே இருத்தல் வேண்டும் என ஆராய்வோர் கருதுவதைக் கண்டேன். அரசிருக்கை அந்நிலத்தில் இருந்ததென்னும் மரபு வேறு. இன்று நிற்கும் சுவர் வேறு. மறுவாரம் வகுப்பில் என் பிழையைச் சொல்லித் திருத்தினேன். அதனால் அம்மாணவர்க்குச் சங்கிலி மன்னன்பால் இருந்த மதிப்புக் குறையவில்லை. கண்ணாற் கண்டதை நம்பி வினவலாம் என்னும் துணிவே மிகுந்தது.

பட்டினத்திற் காணவேண்டிய மற்றொன்று, கோட்டைக்கு அணித்தாய் வெண்ணிறத்திற் பொலியும் பொது நூலகம். 1959இல் திறந்துவைக்கப்பெற்ற அந்நூலகம் 1981ஆம் ஆண்டு மே மாத முடிவில், ஓரிரவில் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் மீளக் கிடைத்தற்கரிய ஏடுகளும் இருந்தன. கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது. இன்று மாணவர் அங்கிருந்து படிக்கின்றனர். ஆயினும் எரிந்த ஏடுகளுள் எவ்வெவ்வூர் வரலாற்றுக்குரிய சான்றுகள் அழிந்தன என்பதை எவர் அளவிடுவர்? கல்லை மீண்டும் அடுக்கலாம். எழுத்தை மீண்டும் ஈட்டுதல் எளிதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஓருண்மை புலப்படும். நெடுந்தீவுக் குதிரை, நயினாதீவுக் கல்வெட்டு, ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை, அல்லைப்பிட்டி ஓடு, பட்டினத்துக் கோட்டை, அரசிழந்த நல்லூர் என்பன வேறுவேறு காட்சிகளல்ல. ஒரே கடல்வழியில் வெவ்வேறு காலத்தார் விட்டுச்சென்ற அடிச்சுவடுகள் அவை. அவ்வழியை விரும்பியவர் சட்டஞ் செய்தனர். அஞ்சியவர் கோட்டை கட்டினர். அதனால் வென்றவர் ஊரை மாற்றினர். இடித்தவர் எடுத்ததும் முருகைக்கல்; கட்டியவர் அடுக்கியதும் முருகைக்கல்.

போரினாற் பாழடைந்த வீடுகள் தீவகத்தில் இன்னும் பல உள. 1990க்குப்பின் அங்கிருந்து வெளியேறியோர் பலர் உலகின் பல பாகங்களிலும் வாழ்கின்றனர். அவர்தம் மக்கள் விடுமுறைக்கு வருங்கால், தம் முன்னோர் ஊரை வேற்றூர்க் காட்சிபோலவே காண்கின்றனர். அவர்க்கு வழிகாட்டுவோர் பெரும்பாலும் வாகன ஓட்டுநரும் படகோட்டியும். அவர்கள் தாம் கேட்டறிந்ததை அன்போடு சொல்வர், அது குற்றமன்று. சான்றறிந்து சொல்ல வேண்டிய கடமை கல்லூரிகளில் வரலாறு பயிற்றும் எம்மையும், பயிலும் மாணவரையும் சார்ந்தது.

ஆதலின் மாணவர்க்கு யான் வேண்டுவது இதுவே. அடுத்த முறை நயினாதீவுக்கு வழிபடச் செல்லும்போது, அம்பாளை வணங்கியபின் அக்கல்வெட்டின் எதிரே சிறிதுபொழுது நில்லுங்கள். திரும்புகையில் ஊர்காவற்றுறைக்குச் சென்று, கடற்கோட்டையும் கரைக்கோட்டையும் ஒருங்கே தெரியும் இடத்தில் நின்று நோக்குங்கள். உங்கள் ஊரில் வெட்டெழுத்துள்ள கல்லோ, பழைய ஓடோ, உறுதிச் சாசனமோ காணின், அதனைச் சுவருக்கும் அடுப்புக்கும் இரையாக்க விடாது உங்கள் ஆசிரியர்க்குக் காட்டுங்கள். எண்ணூறு ஆண்டுக்கு முன் ஓர் அரசன் நம் துறைக்கு வந்த அயலானின் உடைந்த மரக்கலத்துக்கும் நீதி வகுத்தான். அதனை எழுதிய கல்லைக் காப்பதேனும் நம்மால் இயலவேண்டாவா?